வளைகாப்பு வண்டி

கண்ணகியின் வண்டியில் முதல் முறை ஏறுகிறவர்கள் அவளை மனதுக்குள்ளாவது திட்டாமல் இருப்பது அபூர்வம். முன் சீட்டில் இருப்பவர் மட்டுமல்ல, பின்னால் இருப்பவர்களும் பெல்ட் போட்டாக வேண்டும். கொக்கி 'டக்' என்று விழும் சத்தம் எத்தனை பேரோ அத்தனை முறை கேட்டால்தான் வண்டி நகரும். நானும் ஒருமுறை, "டவுன்ஷிப்புக்குள்ளதானேம்மா போறோம்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். "டவுன்ஷிப்புக்குள்ளயும் மரம் இருக்குங்களே" என்றாள். சாவியைத் திருகாமல், நான் போட்டு முடிக்கும்வரை கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்து நான்கு வயது. ஐந்தடிக்கும் குறைவான உயரம். எதிரே வருகிறவர்களுக்கு ஸ்டீயரிங்குக்கு மேலே இரண்டு கண்ணும் ஒரு பொட்டும்தான் தெரியும். நெய்வேலி மெயின் பஜார் டாக்ஸி ஸ்டாண்டில் வண்டி போட்டிருக்கும் ஒரே பெண் அவள்தான்.

அவள் பிறந்தது வடலூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பத்தாவது முடித்ததும் கண்ணகி பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போனாள். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்நுனித் தோல் உரிந்து உரிந்து, கல்யாணப் பந்தலில் மருதாணி பிடிக்கவில்லை என்று சொல்லிச் சிரிப்பாள். கணவன் பெயர் பாவாடை. அவனுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. அங்கிருந்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் ஒன்றில் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த வீட்டு அம்மா ருக்குமணி.

கண்ணகி கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே ஒரு வேடிக்கை. ருக்குமணி அம்மாவுக்கு ஐம்பது வயதில் திடீரென்று ஓட்டும் ஆசை வந்தது. பயிற்சிக் காரில் தனியாகப் போகக் கூச்சம். அதனால் துணைக்குக் கண்ணகியையும் பின் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு போனார். மாஸ்டர் முன்னால் கத்துவதெல்லாம் பின்னால் இருந்தவளுக்குப் பாடமாயிற்று. "கிளட்ச்சை மெதுவா விடுங்கம்மா" என்று அவர் சொல்லும்போது கண்ணகியின் இடது கால், முன் சீட்டின் அடியில் மெதுவாக மேலே எழும்.

ஒரு நாள் நேரு ரோட்டை ஒட்டிய ஒரு திருப்பத்தில் வண்டி நின்று நின்று போயிற்று. ருக்குமணி அம்மா கதவைத் திறந்து இறங்கியேவிட்டார்.

"எனக்கு இது ஒத்து வராது. நான் நடந்தே வீட்டுக்குப் போறேன்."

மாஸ்டருக்கு எரிச்சல். "அப்ப பின்னால இருக்கறவங்க ஓட்டட்டுமா?" என்று கேலியாகக் கேட்டார். கண்ணகி அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்னால் வந்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வண்டியை ஒருமுறைகூட நிறுத்தாமல் குவார்ட்டர்ஸ் வாசல் வரை கொண்டுபோனாள். நடக்காமல் பின் சீட்டில் ஏறிக்கொண்ட ருக்குமணி அம்மா கைதட்டினாராம். லைசென்ஸ் எடுத்ததும், அந்த வீட்டு வண்டிக்கு அவளே டிரைவரானாள். அவர்கள் ஓய்வு பெற்றுத் திருச்சிக்குப் போனபோது, வங்கியில் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு வண்டி எடுத்தாள்.

புது வண்டியில்தான் பிரச்சினை தொடங்கியது. ஷோரூம் பையன் ஓட்டிப் பார்க்கச் சொன்னான். கண்ணகி வழக்கம்போல சீட்டை முழுக்க முன்னால் இழுத்து, நெஞ்சு ஸ்டீயரிங்கைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்தாள்.

"அக்கா, கொஞ்சம் பின்னால தள்ளி உக்காருங்க."

"தள்ளினா கால் எட்டாதுங்க."

"இவ்ளோ கிட்ட இருக்கக்கூடாதுக்கா. இந்த ஸ்டீயரிங்குக்குள்ள பலூன் இருக்கு. எங்கனா மோதினா வெடிச்சு வெளிய வரும். கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடும். பெல்ட் போட்டு, தள்ளி உக்காந்திருந்தா அது மெத்தை. ஒட்டி உக்காந்திருந்தா அதுவே மூஞ்சில குத்து விட்டா மாதிரி."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் கண்ணகிக்கு அன்று தூக்கம் போயிற்று. வெடிக்கிற பொருளை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓட்டுவதா? அதுவும் ஹாரன் அடிக்க வேண்டுமென்றால் பலூன் இருக்கும் அந்த மூடியின் மேலேயே அல்லவா கை வைத்து அழுத்த வேண்டும்! முதல் வாரம் முழுக்க அவள் ஹாரனே அடிக்கவில்லை. வண்டிக்கு முன்னால் மாடு நின்றால் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "ஹேய், போ" என்று கத்துவாள். ஸ்டாண்டில் இருந்தவர்களுக்குச் சிரித்து மாளவில்லை.

பயம் தாங்காமல்தான் அவள் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ளத் தொடங்கினாள். சர்வீஸுக்கு விடும் இடத்தில் விடாமல் கேட்டாள். சீட்டை உயர்த்துகிற பிடி ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. சீட்டை உயர்த்தி, ஸ்டீயரிங்கைத் தாழ்த்தி, முதுகைச் சற்றே சாய்த்து, நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே ஒரு சாண் தாராளமாக இருக்கும்படி செய்துகொண்டாள். காலும் எட்டியது. மகளின் செல்போனில், பொம்மைகளை உட்காரவைத்து வண்டியைச் சுவரில் மோதவிடும் வீடியோக்களைப் பார்த்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி பொம்மை ஒன்று. பெரியவர் மடியில் குழந்தை பொம்மை ஒன்று. அந்த மடிக்குழந்தைப் பொம்மைக்கு என்ன ஆயிற்று என்று பார்த்த அன்று அவளால் சாப்பிட முடியவில்லை. அதற்குப் பிறகுதான் எல்லோரிடமும் வம்பு பிடிக்க ஆரம்பித்தாள். வெளிநாட்டுக்குக் குடிபோன ஒரு குடும்பம் விட்டுச்சென்ற பூஸ்டர் சீட்டைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டாள். அது பிள்ளைகளைச் சற்று உயரமாக உட்காரவைக்கிற ஆசனம். பெல்ட் கழுத்தில் விழாமல் தோளில் விழும். அவள் அதைப் 'பலகை' என்றுதான் சொல்வாள்.

இனி சொல்லப்போவது வைகாசி மாதத்தில் நடந்தது.

டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸில் இளவழகன் என்று ஒரு பையன். சுரங்கத்தில் பெர்மனன்ட் ஆகி இரண்டு வருடம்தான். அவன் மனைவி மலர்விழிக்கு ஒன்பதாம் மாதம். மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். காலையில் வாசலில் ஷாமியானா போட்டு வளைகாப்பு நடந்தது. முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். அவள் அப்பா, அம்மா, சொந்தக்காரர்கள் எல்லாம் வேனில் முன்னால் போய்விட்டார்கள். வேனில் நெரிசல் அதிகம் என்பதால் மலர்விழிக்குக் கண்ணகியின் கார். இளவழகனுக்கு செகண்ட் ஷிஃப்ட். அதனால் கூடவே கொண்டுவிட அவன் அம்மா சாமியம்மாளும், சாமியம்மாளின் மகள் வயிற்றுப் பேத்தி தமிழ்நிலாவும் கிளம்பினார்கள். தமிழ்நிலாவுக்கு ஆறு வயது. அவளும் இரண்டு கை நிறைய வளையல் போட்டிருந்தாள்.

வண்டி வாசலிலேயே சண்டை தொடங்கிவிட்டது.

சாமியம்மாள் முன் சீட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "வாடி தங்கம், ஆயா மடியில குந்து" என்று பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டார். புளிசாத அடுக்கும் எலுமிச்சம்சாத அடுக்கும் காலடியில். மலர்விழி பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்து, கிட்டத்தட்டப் படுத்தே இருந்தாள்.

கண்ணகி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"அம்மா, பாப்பா பின்னாலதான் ஒக்காரணும்."

"ஏன், என் மடியில இருந்தா உனக்கு இன்னா?"

"முன்னால பலூன் இருக்குதும்மா. மோதினா வெடிச்சு வரும். நடுவுல கொழந்த மாட்டிக்கும்."

"ஏம்மா கண்ணகி, நல்ல காரியத்துக்குப் போறப்ப வாயில வர்ற வார்த்தையப் பாரு! மோதினா, வெடிச்சாங்கறே."

"தப்பா நெனைக்காதீங்க. நான் சொல்றபடி ஒக்காந்தாத்தான் வண்டி எடுப்பேன்."

டிக்கியிலிருந்து பலகையை எடுத்து வந்து வலது பக்கப் பின் சீட்டில் வைத்தாள். தமிழ்நிலாவுக்கு அது பிடித்துப்போயிற்று. உயரத்தில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியே எல்லாம் தெரிகிறதே! பெல்ட்டை அவள் தோளின் நடுவே இழுத்துப் போட்டுவிட்டு, கண்ணகி சாத அடுக்குகளை டிக்கிக்கு மாற்றினாள். "காலத் தொங்கப் போடுங்கம்மா" என்று சொல்லி, சாமியம்மாளின் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, அவருக்கும் பெல்ட் போட்டாள். சாமியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மலர்விழியிடம் வந்தபோதுதான் பேச்சு முற்றியது.

"அவளுக்கு வேணாம்" என்றார் சாமியம்மாள் முன்னாலிருந்தே. "மாசமா இருக்கற புள்ளைக்கு வயித்துல பட்டை போட்டு இறுக்குவாங்களா யாருனா?"

"வயித்துல போட மாட்டேம்மா. வயித்துக்குக் கீழ."

மலர்விழிக்கும் தயக்கம்தான். "படுத்துகினே வந்தா முதுகு வலி இல்லாம இருக்கும்க்கா" என்றாள்.

"படுத்தா பெல்ட்டு வயித்து மேல ஏறிக்கும் கண்ணு. கொஞ்ச தூரம். நிமிர்ந்து ஒக்காரு. முதுகுக்கு அந்தத் தலகாணிய நான் வெச்சு உடறேன்."

கண்ணகி குனிந்து, கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு அடியில், தொடை தொடங்குகிற இடத்தில், இரண்டு இடுப்பு எலும்பின் மேலும் படிகிற மாதிரி இழுத்துவிட்டாள். மேல்பட்டையை மார்புக்கு நடுவே கொண்டுவந்து, வயிற்றின் ஓரமாக இறக்கினாள். பட்டுப்புடவை மடிப்பு நடுவில் சுருண்டிருந்ததை எடுத்துவிட்டாள். ஷிஃப்டுக்குக் கிளம்பத் தயாராக நின்ற இளவழகன், "அக்கா சொல்றபடி கேளுங்கம்மா, நேரமாவுது" என்றான். அதோடு பேச்சு நின்றது. ஆனால் டவுன்ஷிப் வாசலான ஆர்ச் கேட் தாண்டுகிறவரை சாமியம்மாள் தன் பெல்ட்டை முறைத்துக்கொண்டே வந்தார்.

பலா சீசன். காடாம்புலியூர் தாண்டினாலே சாலையின் இரண்டு பக்கமும் பழக் குவியல்தான். வண்டிக்குள்ளும் வாசனை வந்தது. தமிழ்நிலா, "அதோ பெரிய பழம், அதோ அதைவிடப் பெருசு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சாமியம்மாளின் கோபமும் கொஞ்சம் இளகியிருந்தது. "இறங்கி ரெண்டு சுளை வாங்கலாமா மலரு?" என்று கேட்டார்.

பணிக்கன்குப்பத்துக்கு முன்னால், பலாப்பழம் ஏற்றிய ஒரு மினி லாரி முன்னே போய்க்கொண்டிருந்தது. கண்ணகி அதற்குப் பின்னால் இடைவெளி விட்டுத்தான் வந்தாள். அதன் பின்கதவுக் கயிறு எப்படி அறுந்தது என்று யாருக்கும் தெரியாது. கதவு சட்டென்று தொங்கிற்று. முதலில் ஒரு பழம் விழுந்தது. பிறகு கொத்தாக உருண்டு வந்தன.

கண்ணகி பிரேக்கை அழுத்தினாள். வண்டி நின்றிருக்கும். ஆனால் ஒரு பழம் முன்சக்கரத்துக்கு அடியில் போய் நசுங்க, சக்கரம் வழுக்கி வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. வலது பக்கம் ஒடித்தால் எதிரே பேருந்து. அவள் ஒடிக்கவில்லை. சாலையோர வாய்க்கால் மேல் இருந்த சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வண்டி மோதி நின்றது.

மோதிய சத்தத்தை விடப் பெரிதாக இன்னொரு சத்தம். வெள்ளையாக ஏதோ எதிரே எழும்பி, அதே வேகத்தில் தொய்ந்து போயிற்று. வண்டிக்குள் மாவு தூவின மாதிரி புகை. பட்டாசு நெடி.

"நெருப்பு! நெருப்பு பிடிச்சுகிச்சு!" என்று சாமியம்மாள் அலறினார்.

"நெருப்பு இல்லம்மா. அது பலூன் தூசு. பயப்படாதீங்க." சொல்லிக்கொண்டே கண்ணகி சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தாள். அவளுடைய இடது முழங்கை வலித்தது. சீர்த்தட்டுகளில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தை யாரோ பின் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் மேடையில் வைத்திருக்கிறார்கள். அதை அவள் கவனிக்கவில்லை. மோதிய வேகத்தில் அது பறந்து வந்து, அவள் முழங்கையில் பட்டு, முன்னால் கியர் பக்கத்தில் கிடந்தது. யார் தலையிலாவது பட்டிருந்தால்! அதை நினைக்கவும் அப்போது நேரமில்லை.

திரும்பிப் பார்த்தாள். தமிழ்நிலா பலகையின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. ஒரு நொடி கழித்து வீரிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டதும்தான் கண்ணகிக்கு மூச்சு வந்தது.

மலர்விழி அழவில்லை. இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, கீழே மடியைப் பார்த்தபடி இருந்தாள். கண்ணாடி வளையல்கள் சில உடைந்து மணிக்கட்டில் மெல்லிய ரத்தக்கோடு. மடியெல்லாம் சிவப்பும் பச்சையுமாகத் துண்டுகள்.

"மலரு, கண்ணு, எங்க வலிக்குது?"

"இடுப்புலக்கா. பெல்ட்டு கிட்ட." பிறகு மிக மெதுவாக, "கொழந்த அசையலக்கா" என்றாள்.

பலாப்பழக் கடைக்காரர் ஒருவர் முதலில் ஓடி வந்தார். கலியன் என்று பெயர். கதவைத் திறந்து, குழந்தையை இறக்கி, பலூன் உரசிச் சிவந்த சாமியம்மாளின் கைகளில் தண்ணீர் ஊற்றினார். சுற்றி நின்றவர்கள் மலர்விழியைத் தூக்கிக் கீழே படுக்கவைக்கலாம் என்றார்கள். கண்ணகி விடவில்லை. "அசைக்காதீங்க, ஆம்புலன்ஸ் வரட்டும்" என்றாள். கலியன் ஏற்கெனவே 108-க்குப் பேசிக்கொண்டிருந்தார். மினி லாரி டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தார். அவரைத் திட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

ஆம்புலன்ஸில் எல்லோருமே பண்ருட்டியில் ஒரு மருத்துவமனைக்குப் போனார்கள். மலர்விழியை உள்ளே கொண்டுபோனதும் கதவு மூடிக்கொண்டது.

வெளியே பெஞ்சில் சாமியம்மாள் ஒரு ஓரம், கண்ணகி மறு ஓரம். நடுவில் தமிழ்நிலா, கலியன் கொடுத்த பிஸ்கட்டைப் பிரிக்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வளையல் உடைஞ்சிடுச்சே" என்று சாமியம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கண்ணகி பக்கம் திரும்பினார். "நான் வேணாம்னு சொன்னேன். தலப்பாடா அடிச்சுகினேன். அந்தப் பட்டையப் போட்டு இறுக்கினது நீதான். என் பேரப்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா…"

வீடியோவில் கண்ணகி பார்த்தது பொம்மை. இது மலர்விழியின் வயிறு. பட்டை சரியான இடத்தில்தான் இருந்ததா? வழியில் அவள் நெளிந்து உட்கார்ந்தாளே, அப்போது மேலே ஏறியிருக்குமோ? இடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்திருக்கலாமோ? படுத்தே வரட்டும் என்று விட்டிருந்தால்? யோசிக்க யோசிக்க, பெல்ட்டை இழுத்துவிட்ட தன் கையையே அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

இளவழகன் ஷிஃப்டுக்குப் போகாமல் பைக்கில் வந்து சேர்ந்தான். அம்மாவின் கைகளைப் பார்த்தான். தமிழ்நிலாவைத் தூக்கிக்கொண்டான். கண்ணகியிடம் வந்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்லியேக்கா?" என்று கேட்டான். அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தக் கேள்வியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் வெளியே எட்டிப் பார்த்து, "பொண்ணு அத்தையக் கூப்பிடுது" என்றாள். சாமியம்மாள் எழுந்து போனார்.

அவர் திரும்பி வரும்போது முகமெல்லாம் கண்ணீர். வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு வந்தார். கண்ணகி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இளவழகன், "அம்மா… இன்னாம்மா?" என்றான்.

"ஓடுதுடா" என்றார் சாமியம்மாள். "ஒரு மெஷின வெச்சுக் காட்டறாங்க. ஈரத்துணிய அடிச்சுத் தொவைக்கறா மாதிரி, டப டபன்னு சத்தம். ரூமு முழுக்கக் கேக்குது. நல்லா இருக்குதாண்டா புள்ள. நான் கேட்டுகினு இருக்கறப்பவே ஒரு உதை உட்டுது. மலரு சிரிக்குதுடா."

இளவழகன் தமிழ்நிலாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். கண்ணகி பெஞ்சில் உட்கார்ந்தபடியே குனிந்து, முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். மோதியதிலிருந்து அதுவரை அவள் அழவே இல்லை.

மலர்விழியைப் பார்த்த பெண் டாக்டர் பிறகு வெளியே வந்தார். ரத்தக்கசிவு இல்லை, வயிறு இறுகவில்லை, இருந்தாலும் இந்த மாதிரி அடிக்குப் பிறகு ஒரு நாள் வைத்துப் பார்ப்பதுதான் முறை என்றார். "ரெண்டு பக்கமும் இடுப்பு எலும்பு மேல கன்றிப்போயிருக்கு. அது வலிக்கும், வலி போயிடும். எலும்பு தாங்கிக்கிச்சு, வயித்து மேல விழல. பெல்ட் இல்லாம இருந்திருந்தா முன் சீட்டுல போய் வயிறு இடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

சாமியம்மாள் மருந்து தடவிய தன் இரண்டு முன்கைகளையும் நீட்டிப் பார்த்துக்கொண்டார். பலூன் பட்ட இடம் முழங்கை வரை சிவந்து கிடந்தது. அந்தக் கைகளை மெதுவாக, மடியில் ஒரு குழந்தையை அணைத்துப் பிடிப்பதுபோல மடக்கினார். அந்தக் குழந்தையின் தலை எங்கே இருந்திருக்கும் என்று பார்த்தவர்போல, நெஞ்சுக்கு முன்னே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பிறகு தமிழ்நிலாவை இழுத்து, அவள் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"ஏண்டி கண்ணகி" என்றார் அப்படியே, நிமிராமல். "காலையில எதனா சாப்ட்டியா நீ?"

அந்தக் கேள்விக்குப் பிறகு அந்த இடமே மாறிவிட்டது. கலியன், மோதி நின்ற காரிலிருந்த சாமான்களை எல்லாம் ஒரு ஆட்டோவில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். டிக்கியில் இருந்த சாத அடுக்குகள் ஒரு சொட்டை இல்லாமல் வந்தன. தாம்பாளம் மட்டும் ஓரத்தில் நெளிந்திருந்தது. "இத பின்னால வெச்சது யாருன்னு கேக்க மாட்டேன். ஆனா நான் பாத்திருக்கணும்" என்றாள் கண்ணகி முழங்கையைத் தடவிக்கொண்டே. மருத்துவமனைக்கு வெளியே மரத்தடியில் இலை வாங்கிப் போட்டு, எல்லோரும் புளிசாதம் சாப்பிட்டார்கள். ஆட்டோக்காரருக்கும் கிடைத்தது. நர்ஸுகளுக்கு ஒரு பாத்திரத்தில் போட்டு உள்ளே அனுப்பினார்கள். வேனில் முன்னால் போயிருந்த மலர்விழியின் அப்பாவும் அம்மாவும் பதறிக்கொண்டு வந்து இறங்கியபோது, அழுகையை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு வாசலில் பந்தி நடப்பதைப் பார்த்துக் குழப்பமாகிவிட்டது.

மாலையில் கண்ணகி பஸ்ஸில் நெய்வேலி திரும்பினாள். வண்டி ஒர்க் ஷாப்புக்கு இழுத்துப் போகப்பட்டிருந்தது. பஸ் கிளம்பியதும் அவள் வலது கை தானாகத் தோளுக்கு மேலே போய் எதையோ தேடிற்று. பக்கத்தில் இருந்த பெண், "இன்னா தேடற?" என்று கேட்டாள். கண்ணகி, "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். சிரித்தால் நெஞ்சு வலித்தது.

வீட்டில் பாவாடை, வலது தோளிலிருந்து இடது இடுப்பு வரை நீலமாகக் கன்றியிருந்த பட்டையைப் பார்த்தான். கட்டிய பெண்டாட்டியைப் பார்த்துக் கலங்கத் தெரியாத மனிதன். "கட்சிக்காரன் துண்டு போட்டா மாதிரி இருக்குது" என்றான். சொல்லிவிட்டு உள்ளே போனவன், வெந்நீர் போட்டு எடுத்துக்கொண்டு வர ரொம்ப நேரம் ஆயிற்று. கண்கள் சிவந்திருந்தன. ஒத்தடம் கொடுக்கும்போது மெதுவாக, "இனிமே நானும் உன் வண்டியில ஏறினா போட்டுக்கறேன்" என்றான். பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவன் அவளிடம் தோற்றுப்போனதாக ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை என்று கண்ணகி சொன்னாள்.

மலர்விழி மறுநாள் மருத்துவமனையிலிருந்து மேல்பட்டாம்பாக்கம் போனாள். அடுத்த மாதம் பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். கண்ணகியின் வண்டி இன்னும் ஒர்க் ஷாப்பில்தான் இருந்தது. புது பலூன் வந்து மாட்டாமல் எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். "அது இல்லாமலே ஓட்டலாமே" என்று ஒர்க் ஷாப்பில் யாரோ சொன்னதற்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அதனால் குழந்தையைப் பார்க்கவும் பஸ்ஸிலேயே போனாள்.

சாமியம்மாளும் அங்கேதான் இருந்தார். அவளைப் பார்த்ததும் முதல் வேலையாக, "கை கழுவிகினு வா" என்று அதட்டினார். பிறகு குழந்தையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். முந்திரி எண்ணெயில் என்றோ வெந்த விரல்களால் கண்ணகி அதை வாங்கிக்கொண்டாள்.

"உன்ன மாதிரியே புடிவாதம்" என்றாள் மலர்விழி கட்டிலிலிருந்து. "பசிச்சா கொடுக்கறவரைக்கும் வுடாது."

"மூக்கு இளவழகன் தம்பி மூக்கு" என்றாள் கண்ணகி.

"இல்ல, அது என் மூக்கு" என்றார் சாமியம்மாள்.

யாருடைய மூக்கு என்ற பேச்சு வெகுநேரம் நடந்தது. குழந்தை அதையெல்லாம் கேட்கவில்லை. சின்னதாக ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, கண்ணகியின் கையிலேயே தூங்கிப்போயிற்று.